பாசித்தொட்டி வேண்டுமா, வேண்டாமா

என் மாமனாருக்கு மறதி நோய் வந்திருப்பதை எங்களுக்கு முதலில் காட்டிக்கொடுத்தது மீன்தொட்டிதான். டாக்டர் சொன்னது அதற்குப் பிறகு மூன்று மாதம் கழித்து.

சிங்காநல்லூர் வீட்டின் முன்னறையில் நாலடி நீளத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பே எனக்கிருந்த பைத்தியம் அது. வேலை பார்ப்பதோ தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். பகலெல்லாம் ஆழ்குழாய்த் தண்ணீர்ப் பாட்டில்களோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தும் தண்ணீர்தானா என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அவர் பம்ப் கம்பெனியில் ஃபிட்டர். தண்ணீரைத் தூக்கி மேலே ஏற்றுவதோடு அவருக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு முடிந்துவிடும்.

உப்புக் கரைத்த தண்ணீர், பாறைகள், பாறைமேல் உயிருள்ள பவளங்கள், ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு மஞ்சள் மீன், இடுக்கில் ஒளிந்து வாழும் இரண்டு மூன்று சிறுசுகள். இவ்வளவுதான் என் கடல். கடலே இல்லாத ஊரில் பவளம் பிழைத்துக்கிடப்பது முழுக்கத் தண்ணீரின் கையில் இருக்கிறது. மீன் தின்னாமல் விட்ட தீனியும் அதன் கழிவும் தண்ணீரில் கரைந்து கடைசியில் நைட்ரேட்டாகச் சேரும். அது ஏறிவிட்டால் பாறையில் பச்சைப் பசேலென்று மயிர்ப்பாசி படரும், பவளம் சுருங்கிக்கொள்ளும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய்வந்ததும் ஒரு சிறு குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்து விட்டுப் பார்ப்பேன். வெளிர் ரோஸ் நிறம் வந்தால் நிம்மதி. சிவக்கச் சிவக்கக் கவலை.

அந்த வருடம் தைப்பொங்கல் கழிந்ததிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்துகொண்டே வந்தது.

மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். மாமனாரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். மில் கேன்டீனில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். எச்சில் தட்டு கழுவச் சேர்ந்து, கடைசியில் கேன்டீனையே மேற்பார்வை பார்த்தார். அவருடைய அப்பா அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர். சின்ன வயதில் தான் பட்ட பசியைப் பற்றி மாமா ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும், கரண்ட் பில் எழுத வந்தவரானாலும், முதல் கேள்வி "சாப்டாச்சுங்களா?"தான்.

அத்தை என் கல்யாணத்துக்கு முன்பே தவறிவிட்டார். நான் மருமகளாக வந்த மூன்றாம் நாள், வேலைக்குக் கிளம்பும்போது மாமா ஒரு டிபன் கேரியரைக் கையில் கொடுத்தார். "பருப்புஞ்சோறு, கத்திரிக்காய் பொரியல் இருக்குது அம்மணி. மோர் தனியா வெச்சிருக்கேன், சோத்துல ஊத்திப்போடாத, புளிச்சுப்போவும்." எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எங்கள் அம்மா வீட்டில் நான்தான் எல்லாருக்கும் கட்டிக்கொடுத்துவிட்டு மிச்சத்தை அள்ளிக்கொண்டு ஓடுவேன். அதன்பிறகு எட்டு வருஷம், நான் வேலைக்குப் போன நாளெல்லாம் என் சாப்பாட்டை மாமாதான் கட்டினார்.

தொட்டியை இந்த வீட்டுக்குக் கொண்டுவர நான் தயங்கியபோதும் அவர்தான் சரி என்றார். "உப்புத்தண்ணி சுவத்துல பட்டாச் சுண்ணாம்பு உதிர்ந்துபோகும்" என்று வீட்டுக்காரர் இழுத்தார். மாமா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "இதுங்க என்ன திங்கும்?" நான் தீனி டப்பாவைக் காட்டினேன். மறுநாளிலிருந்து காலையில் ஒரு சிட்டிகை, சாயங்காலம் ஒரு சிட்டிகை என்று போடும் வேலை அவருடையதாகிவிட்டது. கை அளவு தப்பாது. ஆயிரம் பேருக்கு உப்புப் போட்டுப் பழகிய கை.

அதனால் தண்ணீர் சிவந்தபோது எனக்கு மாமாவின்மேல் சந்தேகமே வரவில்லை. உப்பைச் சந்தேகப்பட்டேன். வடிகட்டியைக் கழற்றிக் கழுவினேன். வாரம் ஒரு முறை மாற்றிய தண்ணீரை இரண்டு முறை மாற்றினேன். பாறையெங்கும் பாசி படர்ந்ததுதான் மிச்சம். எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு, கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் சேர்ந்தது. அதில் போட்டோ போட்டுக் கேட்டேன். பாதிப்பேர் "ரெஃபூஜியம் வையுங்க" என்றார்கள்.

ரெஃபூஜியம் என்பது பெரிய தொட்டியோடு குழாயால் இணைத்த ஒரு சின்னத் தொட்டி. அதில் ஒருவகைக் கடல்பாசியைப் போட்டு விளக்கெரியவிட்டால், தண்ணீரில் உள்ள நைட்ரேட்டை உறிஞ்சிக்கொண்டு பாசி அங்கேயே வளரும். பெரிய தொட்டியில் பாசிக்கு இரை இல்லாமல் போய்விடும். மீன்கள் எட்டாத இடம் என்பதால் கடுகு அளவுக் குட்டி உயிர்களும் அதில் பயமில்லாமல் பெருகும். குழுவில் இதைப்போல் சண்டை வரும் விஷயம் வேறில்லை. வேண்டும் என்ற கட்சிக்கு நிறையப்பேர். வேண்டாம் என்ற கட்சிக்கு மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருக்கும் ஓர் அண்ணன் ஒருவரே போதும். அவர் எனக்கும் ஒரே வரியில் பதில் போட்டார்: "தீனியைக் குறைங்க அம்மணி. பாசித்தொட்டியெல்லாம் கையை அடக்கத் தெரியாதவங்களுக்கு." எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் அளவு தெரிந்த கைதானே போடுகிறது என்று எழுதி, அழித்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் காய்ச்சல் என்று லீவு போட்டு முன்னறைக் கட்டிலில் படுத்திருந்தேன். ஒன்பது மணிக்கு மாமா வந்து தீனி போட்டார். பத்து மணிக்கு முன்பே திரும்பி வந்தார்.

"மீனுக்குத் தீனி போட்டாச்சா அம்மணி?"

"இப்பத்தானுங்க மாமா போட்டீங்க."

"நானா? இல்லீயே கண்ணு. பாரு, எப்படிப் பசியோட கண்ணாடிகிட்ட வந்து நிக்குதுங்கன்னு."

யார் வந்து நின்றாலும் அந்த மீன்கள் கண்ணாடியருகே வந்துதான் நிற்கும். அவர் டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை போட்டார். அளவு தப்பாத அதே சிட்டிகை. மதியத்துக்குள் ஐந்து முறை வந்தார், ஐந்து முறையும் போட்டார். நான் காய்ச்சலை மறந்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சமீபத்தில் என் கேரியரில் இரண்டு தட்டிலும் ஒரே பொரியல் இருந்தது, ஒருநாள் சோறே இல்லாமல் இருந்தது, நான் அதைச் சிரித்துத் தள்ளியது, எல்லாம் அப்போதுதான் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, பொறுமையாகப் பேசினார். மருந்து கொடுத்தார். இது பின்னால் திரும்பாது என்பதையும் சொன்னார்.

நான் செய்த முதல் காரியம் தீனி டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டியது. தொட்டியைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்தது அதுதான். மாமா டப்பாவைத் தேடினார். அலமாரித் தட்டு, டிவிக்குப் பின்னால், தலையணைக்குக் கீழே. "பசிக்குது போலிருக்குதே" என்று தொட்டியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே தேடினார். என்னிடம் கேட்டபோது, தீர்ந்துபோச்சு, வாங்கணும் என்று பொய் சொன்னேன். அவர் சங்கடத்தோடு தலையாட்டினார். கேன்டீனில் சோறு தீர்ந்துபோனதைச் சொல்லவேண்டி வந்தவர்போல முகம் வாடிவிட்டது.

நாலாம் நாள் நான் வேலைவிட்டு வந்தபோது தொட்டி பால்போல வெளுத்துக் கலங்கியிருந்தது. அடியில் இட்லித் துண்டுகள். காலையில் அவருக்கென்று வைத்த நாலு இட்லியையும் பிய்த்துப் போட்டிருக்கிறார். கோமாளி மீன்களில் பெரியது மூலையில் செத்துக்கிடந்தது. ஆறு வருஷமாக என்னிடம் இருந்த மீன்.

மாமா பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். "பசியிலயே செத்துப்போச்சா அம்மணி?" என்று கேட்டார்.

"நீங்கதான் மாமா கொன்னுட்டீங்க" என்று கத்திவிட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. ஆனால் நான் கத்தியது புரிந்தது. மெல்லத் தன் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். பத்து நிமிடத்தில் அவர் அதை மறந்துவிட்டார், சாப்பிட்டாயா என்று வந்து கேட்டார். நான் மறக்கவில்லை. அந்த வாக்கியத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ள எனக்கு வழியில்லை. மன்னிப்புக் கேட்டாலும் எதற்கென்று அவருக்குத் தெரியாது.

"தொட்டியை எடுத்துரலாம்" என்றார் வீட்டுக்காரர். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மீதி மீன்களையும் பவளங்களையும் யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா என்று குழுவில் எழுதினேன். இட்லியையும் மாமாவையும் பற்றி இரண்டு வரி எழுதினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் ஒரு மினி வேன் வந்து நின்றது. மேட்டுப்பாளையத்து அண்ணன். வேனில் இரண்டு நீல டிரம் நிறைய உப்புத் தண்ணீர். விடியும் முன்பே கரைத்து, சூடு பார்த்து, ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அவரை நான் அதற்குமுன் நேரில் பார்த்ததேயில்லை.

"மீனை எடுத்துட்டுப் போக வந்தீங்களாண்ணா?"

"மொதல்ல தண்ணிய மாத்துவமுங்க. எடுக்கறதா வேண்டாமான்னு பொறவு பேசிக்கலாம்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார். வீட்டுக்காரர் குழாயைப் பிடிக்க, பாதித் தண்ணீருக்குமேல் வெளியே எடுத்து, அடியில் கிடந்ததை உறிஞ்சி, புதுத் தண்ணீரை விட்டோம். மாமா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்டாச்சுங்களா?" என்று அண்ணனைக் கேட்டார்.

"இன்னும் இல்லீங்கய்யா. வேலை முடிஞ்சதும் சாப்பிடலாமுங்க."

ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் கேட்டார். அண்ணன் அதே மரியாதையோடு, அப்போதுதான் முதல்தடவை கேட்பதுபோல நிமிர்ந்து பார்த்து, அதே பதிலைச் சொன்னார். அன்று மாமா எத்தனை முறை கேட்டாரோ அத்தனை முறையும் அந்தப் பதில் அவருக்குப் புதிதாகவே கிடைத்தது. ஒரு முறைகூட "இப்பத்தானே சொன்னேன்" என்ற வார்த்தை வரவில்லை. பெற்ற மகனாலும் மருமகளாலும் அதுவரை முடியாதது அது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

தோசை சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்த அண்ணன் தொட்டிக்குக் கீழேயுள்ள அலமாரிக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். வடிகட்டிக்குப் பக்கத்தில் நான் உப்புப் பையும் வாளியும் அடைத்துவைத்திருந்த இடத்தைக் கையால் முழம்போட்டு அளந்தார்.

"ரெஃபூஜியம் வெச்சுப்போடலாமுங்க அம்மணி."

எனக்கு நம்ப முடியவில்லை. "நீங்களாண்ணா சொல்றீங்க?"

"நானேதானுங்க. என்ற தொட்டிக்கு வேண்டாம். உங்களுதுக்கும் தேவையில்லை, நீங்க மட்டும் தீனி போட்டீங்கன்னா. அய்யா கையை அடக்கச் சொல்ல முடியுமுங்களா? டப்பாவப் பூட்டினா இட்லிய எடுக்கிறாரு. இட்லியப் பூட்டினா வேற ஒண்ணு. அவரு போட்டுட்டுத்தான் இருப்பாரு. அதை வாங்கித் திங்கறதுக்குக் கீழ ஒண்ண வெச்சுருவோம்."

மாமா நடுவில் "யாருக்குங்க பசி?" என்றார். எல்லாருமே சிரித்துவிட்டோம்.

தொட்டியை எடுத்துரலாம் என்ற அதே வீட்டுக்காரர் அடுத்த ஞாயிறு கண்ணாடித் துண்டுகளை அளந்து வெட்டிவந்து, சிலிக்கான் பசை வைத்து ஒட்டினார். பம்ப் ஃபிட்டருக்குத் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கும், எதன்மேல் வழியும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அண்ணன் தனக்குத் தெரிந்தவரிடம் கேட்டு வாங்கிய பாசியை ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு சுருள். அதை விட்டு, மேலே சின்ன விளக்கு மாட்டினோம்.

பத்து நாளில் பாசி வெளுத்து உதிர ஆரம்பித்தது. நான் உடைந்துபோனேன். "வெளக்கு பத்தலீங்க" என்றார் அண்ணன் போனில். செடி வளர்ப்பதற்கென்று விற்கும் பெரிய விளக்கை வாங்கி மாட்டினோம். அவரே மறுபடியும் பாசி அனுப்பினார். இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. ஒரு மாதத்தில் அந்தச் சின்னத் தொட்டி முழுக்கப் பச்சை.

தீனிக்கும் ஒரு வழி செய்தேன். பெரிய டப்பா என் கைப்பையிலேயே இருக்கும். ஒரு சின்னச் சிமிழில் கொஞ்சமாகப் போட்டுத் தொட்டிமேல் வைத்துவிட்டுப் போவேன். அது தீரும்வரை மாமா எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். சாதாரணமாக ஒரு தொட்டிக்குப் போடுவதைவிட அது இரண்டு பங்குதான். ஆனாலும் குழாயில் எடுத்துப் பார்த்த தண்ணீர் வாரத்துக்கு வாரம் வெளிறியது. மயிர்ப்பாசி முழுதாகப் போகவில்லை, பாறையின் பின்பக்கம் கடைசிவரை இருந்தது. பவளங்கள் விரிந்துகொண்டன. எனக்கு அது போதும்.

பாசி வளர்ந்து நெருங்கியதும் ஒரு கைப்பிடி பிய்த்து வெளியே எடுக்கவேண்டும். அப்போதுதான் மிச்சம் வளரும். முதல்முறை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு வாளி எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் மாமா சாப்பாட்டு மேசையில் தட்டை இழுத்துவைத்து உட்கார்ந்திருந்தார். நாலு விரலால் பாசியை விரித்து ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இது என்ன கீரை அம்மணி? காம்பே காணோம்."

"கடல் கீரைங்க மாமா."

"மண்ணு இருக்கும். நல்லா அலசோணும்."

நான் தொட்டித் தண்ணீர் உள்ள வாளியைக் கீழே வைத்தேன். அவர் பாசியை அதில் முக்கி, குலுக்கி, தூக்கி, நீர் வடியவிட்டு மறுபடி முக்கினார். அடித்துக் கசக்காமல், வேகம் குறையாமல் ஒரே சீராக அந்தக் கை வேலை செய்தது. வாளியைக் குனிந்து பார்த்தேன். அடியில் நூற்றுக்கணக்கில் குட்டி உயிர்கள் துள்ளிக்கொண்டிருந்தன. பாசிக்குள் ஒளிந்திருக்கும் அவற்றைப் பிரித்தெடுப்பதற்கு நான் குழுவில் எத்தனையோ யோசனை கேட்டிருந்தேன். அத்தனை மீன்களுக்கும் அவைதான் விருந்து. வாளித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினேன். மஞ்சள் மீன் பாறைவிட்டு வெளியே வந்து வெறிபிடித்ததுபோலத் தின்றது.

"அப்பா! பசி" என்றார் மாமா. முகமெல்லாம் சிரிப்பு.

அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கீரை அலசுவது அவர் வேலை. இரண்டு வருஷம். என் பெயர் மறந்தது, மகன் பெயர் மறந்தது, கோயிலில் எந்த ஜெபத்துக்கு முழங்காலிட வேண்டும் என்பது மறந்தது. அலசுவது மறக்கவில்லை. நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வேன். அவருக்கு நான் யாரென்று தெரியாத நாட்களிலும் "அம்மணி, வாளிய இந்தப்பக்கம் தள்ளு" என்பார். அப்படி ஒருநாள் அவர் கை தண்ணீரில் இருக்கும்போது, "மாமா, அன்னிக்கு உங்களக் கத்திப்போட்டேனுங்க, மன்னிச்சுக்கங்க" என்றேன். "என்ன கண்ணு, சாப்டலயா நீ?" என்று கேட்டார். சாப்பிட்டேன் மாமா என்றேன். எனக்கு மனம் லேசானது.

அடுத்த மழைக்காலத்தில் மாமா படுக்கையானார். மூன்று வாரம் கஞ்சி மட்டும். ஒரு மதிய வேளையில், வீட்டுக்காரர் ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருக்கும்போது, போதும் என்பதுபோல வாயை மூடிக்கொண்டார். அப்படியே போய்ச்சேர்ந்தார்.

அடக்கத்தன்று கோயிலின் கடைசி வரிசையில் மேட்டுப்பாளையத்து அண்ணன் உட்கார்ந்திருந்தார். எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை. முன்வரிசைக்காரர்களைப் பார்த்துப் பார்த்து எழுந்தார், அவர்கள் முழங்காலிட்டபோது அவரும் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு முழங்காலிட்டார். அந்தக் காட்சி என் கண்ணைவிட்டுப் போகாது. ஒரு வாட்ஸ்அப் குழுவில் எனக்குச் சுருக்கென்று பதில் போட்ட மனிதர்.

நான் மட்டும் அளவாகத் தீனி போட்டதில், மூன்று மாதத்தில் சோதனைக் குழாயில் எடுத்த தண்ணீரில் நிறமே வரவில்லை. கீழே பாசி மெலிந்து, மறுபடியும் வெளுக்கத் தொடங்கியது. நான் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"இனி ரெஃபூஜியம் வேணுமாங்ண்ணா?"

"தொட்டிக்கு வேண்டாமுங்க அம்மணி. உங்களுக்கு வெச்சிருக்கோணும்னு தோணுச்சுன்னா வெச்சுக்கங்க."

ஒரு வாரம் யோசித்தேன். பட்டினியில் வைத்து அதைச் சாகவிட மனம் வரவில்லை. உடுமலைப்பேட்டையில் புதிதாகத் தொட்டி வைத்த ஒரு தம்பதி குழுவில் பாசி கேட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னேன். அவர்கள் வருவதற்குமுன் பாசி முழுவதையும் வெளியே எடுத்து, வாளியில் நானே அலசினேன். மாமா செய்ததுபோல வரவில்லை. மூன்று நாலு தடவை முக்கவேண்டியிருந்தது. வாளித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் பாசியை ஈரத்துணியில் சுற்றினேன்.

வந்தவர்கள் இளவயது. அந்தப் பெண் துணிமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, விளக்கு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். வீட்டுக்காரர் அந்தப் பையனுக்குக் கண்ணாடி ஒட்டும் விதத்தைக் காட்டினார். மதியம் ஆகிவிட்டிருந்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று நாங்கள் சொல்ல, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர்கள் மறுக்க, கடைசியில் நாலு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். பருப்பும் கத்திரிக்காய்ப் பொரியலும். மோரைத் தனியாக வைத்தேன்.